வேலையை விடுவதற்கு முன்னால்: கம்பெனி வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு மனச்சோர்வு பற்றி ஒரு வழிகாட்டி

ஓசூரில் ராயக்கோட்டை ரோட்டு ஓரம் ஒரு டீக்கடை வாசலில்தான் எங்கள் கம்பெனி பஸ் நிற்கும். காலை ஏ ஷிப்ட்டுக்கு 5.10க்கு வந்துவிடும். மூன்று வருடமாக அந்த பஸ்ஸை நான் ஒரு நாளும் விட்டதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, கழுத்தில் ஐ.டி. கார்டு, கையில் டிபன் பாக்ஸ், எல்லாம் தயார். பஸ் வந்தது, கதவு திறந்தது, டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்குக் கால் எழும்பவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, முந்தின நாள் யாரோடும் சண்டையும் இல்லை. ஆனாலும் ஏற முடியவில்லை. அவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். விடிந்து வெயில் வரும்வரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

ரூமுக்குத் திரும்பி, வேலையை விடுவதாக ஒரு கடிதம் எழுதினேன். பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊருக்கே போய் அப்பாவோடு தக்காளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். முடிவெடுத்த பிறகும் நிம்மதி வரவில்லை. ரூமில் இருந்த அரூர் அண்ணன் அதைக் கவனித்திருக்கிறார். கடிதத்தை வாங்கி மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு, "ஒரு மாசம் கழிச்சு நானே எடுத்துத் தர்றேன். இப்ப என்கூட டாக்டர்கிட்ட வா" என்றார். எனக்கு வந்திருப்பது மனச்சோர்வு என்று அன்று சாயங்காலம் தெரிந்தது. பத்து மாதம் மாத்திரை சாப்பிட்டேன். இன்றும் ஓசூரில்தான் இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு லைனில் வேலை பழக்கிக் கொடுக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் பென்னாகரம், ஊத்தங்கரை, காரிமங்கலம், தேன்கனிக்கோட்டை என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துவிட்டு வருவதையும், ஆறு மாதத்தில் சிலர் "வேலை பிடிக்கல அண்ணா" என்று பையைத் தூக்கிக்கொண்டு போவதையும் வருடா வருடம் பார்க்கிறேன். அதில் பாதிப் பேருக்கு நிஜமாகவே வேலை பிடிக்காமல் இருக்கலாம். மற்றவர்களைப் பார்க்கும்போது என் பஸ் ஸ்டாப் ஞாபகம் வரும். வேலையை விடுவது தப்பில்லை. ஆனால் அந்த முடிவை நீங்கள் எடுக்க வேண்டும், நோய் எடுக்கக் கூடாது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அவசரமாக இருந்தால் இதை மட்டும் படியுங்கள்

உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் இப்போது இருந்தால், மற்றதை அப்புறம் படிக்கலாம். 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது மத்திய அரசின் டெலி மனஸ் உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. தமிழக அரசின் 104க்கும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 108. போன் செய்யத் தெம்பில்லாவிட்டால் பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பி, "என்னைத் தனியா விடாதீங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அது போதும்.

முதல் படி: இதன் பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

டிவியிலும் பத்திரிகையிலும் எல்லாவற்றுக்கும் 'மன அழுத்தம்' என்று ஒரே சொல்லைப் போடுகிறார்கள். இதனால் நிறையக் குழப்பம். மாதக் கடைசியில் டார்கெட் ஏறுகிறது, சூப்பர்வைசர் தலைமேல் நிற்கிறார், படபடப்பாக இருக்கிறது. அது மன அழுத்தம். டிஸ்பாட்ச் முடிந்ததும் இறங்கிவிடும். மனச்சோர்வு வேறு. டார்கெட் முடிந்தாலும் இறங்காது. வார லீவிலும் கூடவே இருக்கும். சம்பளம் ஏறிய மெசேஜ் வந்தாலும் முகத்தில் ஒன்றும் அசையாது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாதிரி இதுவும் ஒரு நோய். இதற்கும் வைத்தியம் இருக்கிறது.

2015-16இல் பெங்களூரில் உள்ள நிமான்ஸ் என்ற மனநல மருத்துவமனை நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு வருகிறது. 40 சீட் உள்ள கம்பெனி பஸ்ஸில் அது 2 பேர். அவர்கள் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. என்னையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கேன்டீனில் ஜோக் அடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாம் படி: இரண்டு வாரக் கணக்கு

டாக்டர்கள் ஒன்பது விஷயங்களைக் கேட்பார்கள். மனம் துக்கமாக, வெறுமையாக இருக்கிறதா. முன்பு பிடித்தது எதிலும் பிடிப்பு இல்லையா. இந்த இரண்டும்தான் பிரதானம். அப்புறம் தூக்கம் குறைவது அல்லது அளவுக்கு மிஞ்சுவது, பசியும் எடையும் மாறுவது, எப்போதும் அசதி, கவனம் நிற்காமல் போவது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பு, அசைவே மந்தமாவது அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு, சாவைப் பற்றிய எண்ணம். பிரதானமான இரண்டில் ஒன்றாவது இருந்து, மொத்தம் ஐந்து அல்லது அதற்கு மேல், பெரும்பாலும் தினமும், இரண்டு வாரமாக இருந்தால் அது மனச்சோர்வு என்று பார்ப்பார்கள். நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் டாக்டரிடம் சொல்லச் சுலபமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் இந்த ஒன்பதும் கம்பெனிக்குள் வேறு வேஷத்தில்தான் வரும். என் கதையையே சொல்கிறேன். நான் அப்போது குவாலிட்டியில் இருந்தேன். வெர்னியரை வைத்து அளப்பேன், 24.6 என்று படிப்பேன், சீட்டில் எழுதப் பேனாவை எடுப்பதற்குள் எண் மறந்திருக்கும். திரும்ப அளப்பேன். ஒரு பீஸுக்கு மூன்று தடவை. ஷிப்ட் முடியும்போது பெட்டி பாதிதான் முடிந்திருக்கும். "என்னப்பா தூங்குறியா?" என்று கேட்டார்கள். நானும் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன், என்னையே திட்டிக்கொண்டேன். கவனம் சிதறுவது இந்த நோயின் அறிகுறி என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும்.

வேறு வேஷங்களும் உண்டு. கேன்டீனில் கூட்டத்தோடு உட்காராமல் கடைசி மேசைக்குப் போவது. டாய்லெட் பிரேக் நீளுவது. ரீவொர்க் கூடுவது. திங்கட்கிழமை தவறாமல் பன்ச் லேட் ஆவது. சின்னச் சொல்லுக்குக் கண் கலங்குவது, அல்லது எப்போதும் சாந்தமாக இருந்த பையன் திடீரென்று எரிந்து விழுவது. ஆண் பிள்ளைகளுக்கு அழுகையைவிடக் கோபமாகவே வெளிவருவதை அதிகம் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது உடம்பு வழியாகத்தான் பேசும். "மனசு சரியில்லை" என்று சொல்ல மாட்டோம். "தலை பாரமா இருக்கு, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, நெஞ்சு படபடங்குது" என்போம். மெடிக்கலில் வலி மாத்திரை, கிளினிக்கில் சத்து ஊசி, அப்புறம் ட்ரிப்ஸ், கடைசியில் யாராவது மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். வலி பொய் என்று சொல்லவில்லை. வலி நிஜம், வேர் வேறு இடத்தில். அதேபோல, தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு ஆகியவையும் இதே மாதிரி அசதியையும் மந்தத்தையும் கொண்டுவரும். அதனால் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினால், 'மனசுக்கு எதற்கு ரத்தம்' என்று தட்டிக்கழிக்காதீர்கள். பெண்கள் இதைக் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஊர் நினைப்பா, வேலையா, நோயா?

புதிதாக வந்த முதல் இரண்டு மாதம் யாருக்கும் கஷ்டம்தான். நின்றே பார்க்கும் வேலை, கேன்டீன் சாம்பார், ஐந்து பேர் படுக்கும் ரூம். அம்மா போனில் "சாப்டியா கண்ணு?" என்றால் தொண்டை அடைக்கும். இது ஊர் நினைப்பு. அலை மாதிரி வந்து போகும். வார லீவில் கூட்டாளிகளோடு சந்திரசூடேசுவரர் மலை ஏறினால் குறையும். பொங்கலுக்கு ஊருக்குப் போனதும் சுத்தமாகப் போய்விடும்.

நோய்க்கு ஊர் வித்தியாசம் கிடையாது. நான் ஊருக்குப் போன ஒரு தடவை, அம்மா களி கிண்டி, கோழிக்குழம்பு வைத்துப் போட்டார்கள். எனக்கு உயிரான சாப்பாடு அது. வாயில் வைத்தால் மண்ணைத் தின்கிற மாதிரி இருந்தது. அதை அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஊரில் போய் இருந்தும் தீராத ஒன்று, வேலையை விட்டால் மட்டும் எப்படித் தீரும்?

சரி, வேலையே காரணமாக இருந்தால்? அதுவும் உண்டு. நாள் தவறாமல் எல்லார் முன்னாலும் கெட்ட வார்த்தையில் திட்டும் மேலதிகாரி, லீவே இல்லாமல் அடுக்கும் ஓ.டி. (கூடுதல் நேர வேலை), சொல்லாமல் பிடிக்கும் சம்பளம். நல்ல மனசையும் இவை உடைக்கும். அப்படியானால் தேதி, நேரம், யார், என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெண்களுக்குப் பாலியல் தொல்லை என்றால், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 181 பெண்கள் உதவி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். வேலையும் காரணம், நோயும் இருக்கிறது என்று இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அப்போது வைத்தியத்தையும் புகாரையும் கூடவே பாருங்கள். ஒன்று முடியட்டும் என்று மற்றதைத் தள்ளிவைக்க வேண்டாம்.

என் அரூர் அண்ணன் செய்ததை எல்லோருக்கும் சொல்கிறேன். கடிதம் எழுதத் தோன்றினால் எழுதுங்கள். எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். வைத்தியம் தொடங்கி ஒரு மாதம், முடிந்தால் இரண்டு மாதம் கழித்து எடுத்துப் படியுங்கள். அப்போதும் விடத் தோன்றினால் தாராளமாக விடுங்கள். கல்யாணம், கடன், சொத்து விற்பது போன்ற பெரிய முடிவுகளுக்கும் இதே கணக்குதான்.

நான்காம் படி: ஒருவரிடம் சொல்லுங்கள்

எல்லோருக்கும் சொல்ல வேண்டாம். ஒருவர் போதும். ரூம்மேட், அக்கா, மாமா, பழைய ஐ.டி.ஐ. வாத்தியார், யாராக இருந்தாலும் சரி. சொல்லும்போது மூன்று விஷயம் இருக்கட்டும்: எப்போதிலிருந்து, என்ன ஆகிறது, அவர் என்ன செய்ய வேண்டும். "அண்ணா, ரெண்டு வாரமா தூக்கமே இல்ல, எதுலயும் மனசு ஒட்டல. நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா?" மூன்றாவது இல்லாவிட்டால் கேட்பவர் அறிவுரைக்குப் போய்விடுவார். கூட வரச் சொன்னால் கூட வருவார்.

அம்மா அப்பாவிடம் சொல்லத் தயக்கமாக இருக்கும், எனக்குத் தெரியும். மாதா மாதம் அனுப்பும் பணத்தில்தான் தங்கச்சி படிப்பும் நகைக்கடன் வட்டியும் ஓடுகிறது. அவர்கள் பயந்துவிடுவார்களே என்றிருக்கும். முதல் நாளே சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வைத்தியம் தொடங்கிய பிறகு, "டாக்டரைப் பார்த்துட்டேன், மாத்திரை சாப்பிடறேன், பரவாயில்ல" என்று சொன்னால் அவர்களுக்கும் தாங்கும்.

ஐந்தாம் படி: எங்கே போவது?

தர்மபுரிப் பக்கம் இருப்பவர்களுக்கு அரசு தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மனநலப் பிரிவு எங்கே என்று கேட்டு வெளிநோயாளி சீட்டு வாங்குங்கள். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரையும் இலவசம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போங்கள். மதியம் தொடங்கும் பி ஷிப்ட் வாரமாகப் பார்த்து வைத்துக்கொண்டால் லீவு போட வேண்டியதில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் யாரை, எங்கே பார்க்கலாம் என்று வழி சொல்வார்கள்.

ஓசூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. இந்தியாவின் பெரிய மனநல மருத்துவமனையான நிமான்ஸ், பெங்களூரில் ஓசூர் ரோட்டின் மேலேயே இருக்கிறது. நம் பஸ் ஸ்டாண்டிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்தான். நாட்டின் எங்கெங்கிருந்தோ ரயில் ஏறி அங்கே வருகிறார்கள். நாம் அதன் வாசல் வழியாகத் துணி எடுக்கப் போய்வருகிறோம். தமிழ் பேசுகிறவர்களும் அங்கே நிறைய இருப்பார்கள். ஆனால் முதல் தடவையே அங்கே ஓட வேண்டும் என்றில்லை. சாதாரண மனச்சோர்வுக்குப் பக்கத்து மனநல டாக்டரே போதும்.

போவதற்குத் துணிவு வராவிட்டால் 14416இல் ஆரம்பியுங்கள். பெயர் தெரிந்துவிடுமோ என்ற பயம் இல்லாமல் முதலில் பேசிப் பார்க்க அது நல்ல இடம்.

உள்ளே போனால் என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பாதிப் பயம். கட்டிப்போட மாட்டார்கள், ஷாக் கொடுப்பார்களோ என்றெல்லாம் நடுங்க வேண்டாம். உட்காரவைத்துப் பேசுவார்கள். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா, சாக வேண்டும் என்று தோன்றியதா என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கும் உள்ளதைச் சொல்லுங்கள். தோன்றியதைச் சொன்னதற்காக யாரும் போலீசுக்குப் போக மாட்டார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகக் கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. நீங்கள் சொல்வதை ரகசியமாக வைக்க வேண்டியதும் அதே சட்டப்படி அவர்கள் கடமை. ஒன்று மட்டும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்: நீங்கள் பிரஸ் மெஷினில் நிற்கிறீர்களா, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறீர்களா, நைட் ஷிப்ட் உண்டா என்று. மயக்கம் தராத மருந்தாக, நேரம் பார்த்து எழுதுவார்.

ஆறாம் படி: மாத்திரையை நடுவில் விடாதீர்கள்

லேசான சோர்வுக்குக் கவுன்சலிங்கும் தினசரிப் பழக்கங்களை மாற்றுவதுமே போதலாம். நடுத்தரமோ கடுமையோ என்றால் மாத்திரை தருவார்கள். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்சடின் போன்ற பெயர்கள் சீட்டில் இருக்கும். இவற்றுக்கு யாரும் அடிமையாவதில்லை. ஆனால் அவசரப்படக் கூடாது. முதல் வாரம் குமட்டல், தலைவலி, வயிற்றுக் கோளாறு வரலாம், பலனோ ஒன்றும் தெரியாது. 2 முதல் 4 வாரத்தில்தான் மெல்ல வித்தியாசம் தெரியும். பத்தாம் நாளில் 'இது வேலைக்காகாது' என்று தூக்கி எறிகிறவர்கள்தான் அதிகம். எனக்கு மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி நடுவில் விழிப்பு வராமல் தூங்கினேன். அடுத்த வாரம் பக்கத்து லைனில் யாரோ பாடியதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் நம்பினேன்.

வயது 25க்குள் இருப்பவர்களுக்கு, மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் தவிப்போ சாகும் எண்ணமோ கூடினால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். கூட இருப்பவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

நன்றாக ஆனபிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், நோயும் திரும்பலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். தூக்க மாத்திரை வேறு ஜாதி. அல்பிரசோலம் மாதிரியானவற்றுக்குப் பழகிப்போகும் ஆபத்து உண்டு. சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கவே வாங்காதீர்கள். குடிப்பழக்கத்துக்கும் இது பொருந்தும். குடித்தால் தூக்கம் வருகிற மாதிரி இருக்கும். நள்ளிரவில் தட்டி எழுப்பி, மறுநாளை இன்னும் இருட்டாக்கிவிடும். மாத்திரையோடு சேர்ந்தால் கெடுதல் அதிகம்.

ஏழாம் படி: கம்பெனியில் என்ன சொல்வது, இ.எஸ்.ஐ.யை எப்படிப் பயன்படுத்துவது?

நோயின் பெயரைச் சூப்பர்வைசரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. "சார், உடம்பு சரியில்லாம டாக்டர்கிட்ட காட்டிட்டு இருக்கேன். ஒரு மாசம் நைட் வேணாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க" என்று சீட்டோடு கேட்டால் போதும். என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: ஒரு மாதம் நைட் இல்லாமல், அல்லது பத்து நாள் லீவு, அல்லது தனியாக நிற்கும் ஸ்டேஷனிலிருந்து கூட்டமாக வேலை செய்யும் ஸ்டேஷனுக்கு. ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் கை விரித்துவிடுவார்கள். கேட்ட தேதியையும் பதிலையும் மெசேஜாக வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டபோது முதல் ஆள் சிரித்தார். அடுத்த நாள் ஹெச்.ஆரில் ஒரு மேடம், ஒரு கேள்வியும் கேட்காமல் ஷிப்ட் மாற்றிக் கொடுத்தார். ஒருவர் மறுத்ததும் திரும்பிவிடாதீர்கள்.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் பிடிக்கிறார்கள் என்பதற்கு மேல் பலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இது உண்டு. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். 16,000 சம்பளம் என்றால் உங்களிடம் பிடிப்பது 120 ரூபாய், கம்பெனி போடுவது 520. சம்பளச் சீட்டில் அந்த 120ஐத் தேடிப் பாருங்கள். பிடித்திருந்தால் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போக உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஓசூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையே இருக்கிறது. மருந்தக டாக்டரிடம் மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள்.

வைத்தியம் சேர்ந்த நாளிலிருந்தே கிடைக்கும். நோய்க்கால உதவித்தொகை மட்டும் புதிதாகச் சேர்ந்தவருக்குச் சுமார் 9 மாதம் கழித்துத்தான் தொடங்கும். அதற்குரிய ஆறு மாதக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தகுதி இருந்தால், இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று கொடுத்த லீவு நாட்களுக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். லாஸ் ஆஃப் பே (லீவு நாளுக்குச் சம்பளம் இல்லை) ஆகிவிடுமே என்று பயந்துகொண்டு பல்லைக் கடித்து வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடுமையான சில மனநோய்கள் நீண்டகால நோய்ப் பட்டியலிலும் இருக்கின்றன. அதற்கு இன்னும் கூடுதல் காலம் உதவி உண்டு.

அப்ரென்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டத்தின் கீழ் சேர்க்கப்பட்டவர்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. புதிதாக வருகிறவர்களில் நிறையப் பேர் இதில்தான் இருப்பார்கள், கார்டு கேட்டு அலைவார்கள். அவர்கள் நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது நல்லது. 21,000க்கு மேல் வாங்குகிறவர்களுக்குக் கம்பெனி மருத்துவக் காப்பீடு இருந்தால், உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது 2017 சட்டத்திலேயே இருக்கிறது.

ஷிப்ட்டும் தூக்கமும்

வாரா வாரம் ஷிப்ட் மாறும்போது உடம்பின் கடிகாரம் குழம்புகிறது. தூக்கம் கெட்டால் மனச்சோர்வு கூடும், சோர்வு கூடினால் தூக்கம் இன்னும் கெடும். நம் ரூம்களின் பெரிய பிரச்சினை, ஐந்து பேர் ஐந்து ஷிப்ட்டில் இருப்பது. நைட் முடித்து ஒருவர் படுக்கும்போது இன்னொருவர் குக்கர் வைப்பார். முடிந்தால் ஒரே ஷிப்ட்காரர்களாகச் சேர்ந்து ரூம் எடுங்கள். வாடகை நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை. இது முடியாவிட்டால் ஜன்னலுக்குத் தடித்த போர்வை, காதில் பஞ்சு, போன் தலைமாட்டில் இல்லாமல் எட்டத்தில். நைட்டில் கடைசி டீயை 2 மணியோடு முடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தினமும் ஒரு சின்ன வேலை. மனசு வரட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருந்தால் இந்த நோயில் அது வராது. செய்யத் தொடங்கினால்தான் கொஞ்சம் கொஞ்சமாக வரும். குளிப்பது, யூனிஃபார்ம் துவைப்பது, ராமநாயக்கன் ஏரிப் பக்கம் இருபது நிமிடம் நடப்பது. முதல் வாரம் எனக்கு முடிந்தது பாய் மடித்து வைப்பது மட்டும்தான். அதையும் ஒரு கணக்காக நோட்டில் எழுதினேன்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு

"உனக்கென்னடா குறை? மனச தைரியமா வச்சுக்க, சினிமாவுக்குப் போ" என்று சொல்வதை நிறுத்துங்கள். அன்பில்தான் சொல்கிறீர்கள், ஆனால் கேட்பவருக்கு 'நான்தான் சரியில்லை' என்றே விழும். "கொஞ்ச நாளா நீ சாப்பிட வர்றதில்லையே, என்னப்பா?" என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லிக் கேளுங்கள். பதில் வரும்வரை சும்மா இருங்கள். சந்தேகம் இருந்தால், "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்று ஆசுவாசம்தான் வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரைகளையும், ஊர் வீடென்றால் பூச்சிமருந்தையும் அவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் அதை மீறலாம். உயிர்தான் முக்கியம்.

லைன் லீடர்களுக்கு ஒன்று: நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பையனின் வேலை இரண்டு மூன்று வாரமாகத் திடீரென்று கெட்டால், வார்னிங் லெட்டருக்கு முன்னால் அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள்.

திரும்ப வேலைக்குப் போகும்போது

முதல் வாரம் ஓ.டி. எடுக்காதீர்கள். யாராவது "எங்கப்பா போன இத்தனை நாளு?" என்று கேட்டால், "உடம்பு சரியில்ல, இப்பப் பரவாயில்ல" என்ற ஒரு வரி போதும். வேகம் பழையபடி வர ஒரு மாதம் ஆகலாம். நடுவில் இரண்டு நாள் மறுபடி இருட்டும், அது திரும்ப ஆரம்பத்துக்குப் போய்விட்டதாக அர்த்தமில்லை. இரண்டு வாரம் தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த ஆஸ்பத்திரித் தேதியை அந்த மாத ஷிப்ட் சார்ட்டிலேயே குறித்து வைத்து, அது ஏ ஷிப்ட்டில் விழுந்தால் ஒரு வாரம் முன்னாலேயே மாற்றிக் கேளுங்கள். மாத்திரை தீர்வதற்கு ஐந்து நாள் முன்னால் போய்விடுவது நல்லது. ஊருக்குப் போகும்போதும் மாத்திரை அட்டையைப் பையில் முதலில் வையுங்கள். நான் ஒரு தீபாவளிக்கு ரூமிலேயே விட்டுவிட்டுப் போய், மூன்றாம் நாள் பாதி லீவில் பாலக்கோட்டிலிருந்து திரும்பி வந்தேன்.